வடக்கு சஸ்காட்செவன் நதிக்கரைக் கோட்டைகள்: ஒரே பெயர் ஐந்து இடத்தில், ஒரே இடத்தில் இரண்டு பெயர்

வரைபடப்பித்தன்:

கனடாவில் வடக்கு சஸ்காட்செவன் நதிக்கரையில் இருந்த மென்மயிர் வணிக நிலையங்களை ஒரே வரைபடத்தில் குறித்துக்கொண்டிருக்கிறேன். காலம் 1774 முதல் 1885 வரை. புள்ளி வைக்க வைக்கக் குழப்பம் கூடுகிறது.

எட்மண்டன் என்ற பெயருக்கு மட்டும் ஐந்து இடம் வருகிறது. கார்ல்டனுக்கு மூன்று, அதில் ஒன்று வேறு நதியிலேயே இருக்கிறது. இதற்கு நேர்மாறாக, பக்கிங்ஹாம் ஹவுஸும் ஃபோர்ட் ஜார்ஜும் கூப்பிடு தூரத்தில் நிற்கின்றன. இவ்வளவு பெரிய நாட்டில் போட்டிக் கம்பெனிக்காரன் வாசலிலேயே போய்க் கடை போடுவானேன்? தெற்கு சஸ்காட்செவனோ கிட்டத்தட்ட வெறிச்சோடிக் கிடக்கிறது. நீளத்தில் அது வடக்குக் கிளைக்குக் குறைந்ததும் இல்லை.

இன்னொன்று. மென்மயிர் வணிகம் என்கிறார்கள். சமவெளி நிலையங்களின் கணக்கைப் பார்த்தால் பெமிக்கன் (கறிப்பொடியும் கொழுப்பும் சேர்த்த உலர் உணவு), உலர்கறி, கொழுப்பு என்று மளிகைச் சிட்டை மாதிரி இருக்கிறது. தோல் எங்கே?

கடைசியாக, துப்பாக்கியை நிறுத்தி வைத்து அதன் உயரத்துக்குப் பீவர் (ஓடையில் அணைகட்டி வாழும் கொறிவிலங்கு) தோலை அடுக்கச் சொல்லி ஏமாற்றினார்கள் என்ற கதையைப் படத்தின் ஓரக்குறிப்பில் போடலாமா?

தோணித்துறை:

முதலில் "கோட்டை" என்ற சொல்லை ஒதுக்கி வையுங்கள். கல்மதில், அகழி எதுவும் மனதில் வரக்கூடாது. குளிர்காலம் தங்க நாலைந்து மரவீடு, ஒரு சரக்கறை, சுற்றிலும் நட்ட மரக்கம்ப மதில். அவ்வளவுதான். லண்டனிலிருந்து நடந்த ஹட்சன் பே கம்பெனிக்காரர்கள் பெரும்பாலும் "ஹவுஸ்" என்றே எழுதினார்கள்: கம்பர்லண்ட் ஹவுஸ், ஹட்சன் ஹவுஸ், எட்மண்டன் ஹவுஸ். "ஃபோர்ட்" என்று பெயர் வைத்துப் பெருமைப்பட்டது அதிகமும் மான்ட்ரியால்காரர்கள். அறுப்பு முடிந்ததும் களத்துப் பந்தலைப் பிரித்து அடுத்த களத்தில் போடுகிற மாதிரிதான் இந்த இடமாற்றங்களும்.

எப்படி ஆரம்பித்தது என்றால், 1670-ல் சாசனம் வாங்கிய ஹட்சன் பே கம்பெனி நூறு வருடம் கடலோரத்தைவிட்டு அதிகம் நகரவில்லை. கிரீ, அசினிபோயின் பழங்குடி இடைத்தரகர்கள் உள்நாட்டுத் தோலைத் தோணியில் கொண்டுபோய், ஹட்சன் விரிகுடாக் கரையில் கம்பெனியின் நிலையமான யார்க் ஃபேக்டரியில் கொடுத்தார்கள். கம்பெனிக்கு அது வசதி. போக்குவரத்துச் செலவு வாடிக்கையாளர் தலையில். பிரெஞ்சுக்காரர்கள் இதை நடுவழியில் வெட்டினார்கள். இரண்டு சஸ்காட்செவன்களும் கூடும் இடத்துக்குக் கீழே 1753-ல் லூயி டி லா கோர்ன் ஒரு நிலையம் போட்டார். பிரெஞ்சுக் குடியேற்றமான நியூ பிரான்ஸ் பிரிட்டிஷ்காரர் கைக்குப் போனபின் மான்ட்ரியால் வணிகர்கள் அதே வழியில் வந்தார்கள். தோல் கடலுக்கு வந்து சேருமுன்பே விலைபோனது. அதனால்தான் 1774-ல் சாமுவேல் ஹெர்ன் கம்பர்லண்ட் ஹவுஸைக் கட்டினார்.

அதன்பிறகு ஏணிப்படி மாதிரி மேலேறுகிறார்கள். ஹட்சன் ஹவுஸ் 1779, மான்செஸ்டர் ஹவுஸ் 1786, பக்கிங்ஹாம் ஹவுஸ் 1792, எட்மண்டன் ஹவுஸ் 1795, ஆக்டன் ஹவுஸ் 1799. ஒவ்வொரு படியிலும் மான்ட்ரியால் வணிகர்களின் நார்த் வெஸ்ட் கம்பெனி பக்கத்திலேயே இருக்கிறது. பக்கிங்ஹாமுக்கு ஃபோர்ட் ஜார்ஜ், எட்மண்டனுக்கு ஃபோர்ட் அகஸ்டஸ், ஆக்டனுக்கு ராக்கி மவுண்டன் ஹவுஸ். கம்பர்லண்டிலிருந்து மலையடிவாரம் போய்ச்சேர 25 வருடம்தான் ஆனது.

ஏன் ஜோடி ஜோடியாக? கடனைப் பாருங்கள், விடை கிடைக்கும். இலையுதிர் காலத்தில் வேட்டைக்காரருக்கு வெடிமருந்து, ஈயக்குண்டு, கெண்டி, கோடரி எல்லாம் கடனாகக் கொடுப்பார்கள். வசந்தத்தில் தோலாகத் திருப்ப வேண்டும். போட்டிக்காரன் ஒரு நாள் பயண தூரத்தில் மேற்கே உட்கார்ந்திருந்தால், நீங்கள் கொடுத்த கடனுக்கான தோல் முதலில் அவன் வாசலில் இறங்கும். பக்கத்திலேயே இருந்தால் யார் வருகிறார், எத்தனை கட்டு இறக்குகிறார் என்று மதில் இடுக்கிலேயே பார்த்துவிடலாம். ஆபத்து வந்தால் ஒருவருக்கொருவர் உதவிக்கும் ஆனார்கள். வெறுத்துக்கொண்டே அண்டை வீட்டுக்காரராக இருந்தார்கள் என்றே சொல்ல வேண்டும்.

இடம் மாறியதற்குப் பல காரணம். முதன்மையானது பீவர். அது வருடத்துக்கு ஒரு ஈற்றுதான் ஈனும். வளையும் அணையும் எங்கே என்று யார் கண்ணுக்கும் தெரியும். ஓடி ஒளிகிற பிராணி இல்லை. 1790-களின் கடைசியில் பீவரின் சுரப்பியிலிருந்து எடுக்கும் காஸ்டோரியம் வாசனையை எஃகுப் பொறியில் தடவி வைக்கும் முறை பரவியதும் ஒரு ஓடை சீக்கிரமே காலியானது. கிழக்கிலிருந்து வந்த இரோக்வா வேட்டைக்காரர்கள் இதில் கைதேர்ந்தவர்கள். 1800-ஐ ஒட்டி பக்கிங்ஹாமும் ஜார்ஜும் மூடப்பட்டதற்குச் சுற்றுவட்டாரத்தில் தோல் தீர்ந்ததே பெரிய காரணம்.

அடுத்தது விறகு. சமவெளியில் மரம் பள்ளத்தாக்கில் மட்டும்தான். திறந்த கணப்பில் ஆறு ஏழு மாதம் எரித்து, மதிலுக்கும் படகுக்கும் வெட்டி, சில வருடத்தில் மரத்தை வெகுதூரத்திலிருந்து இழுத்துவர வேண்டிய நிலை வந்துவிடும். அதன்பின் வெள்ளம். எட்மண்டனின் ஐந்து இடத்தையும் வரிசையாகச் சொன்னால்:

1795: இன்றைய ஃபோர்ட் சஸ்காட்செவன் ஊருக்கு அருகே.
1802-ஐ ஒட்டி: இன்றைய எட்மண்டன் நகரின் ராஸ்டேல் ஆற்றுத்தாழ்வு.
1810: கீழாற்றில், ஒயிட் எர்த் ஓடைமுகம்.
1812–13: மறுபடி ராஸ்டேல்.
1830: ராஸ்டேலுக்கு மேலே உயரமான மேடு. 1825 வெள்ளத்தில் அடிவாங்கிய பிறகு ஜான் ரோவண்ட் ஏற்றிக்கட்டியது. இன்று ஆல்பர்ட்டா சட்டமன்ற வளாகம் இருக்கும் மேடு அதுதான்.

கார்ல்டனும் அப்படித்தான். 1795-ல் இரு கிளையும் கூடும் இடத்தருகே. 1804-ல் தெற்குக் கிளைக்கு. 1810-ல் வடக்குக் கிளையில் கடைசி இடம். பெயர் போகும் இடமெல்லாம் கணக்குப் புத்தகமும் கூடவே போகும். அதனால் வரைபடத்தில் ஒரு புள்ளிக்கு மூன்று விவரம் கட்டாயம்: பெயர், கம்பெனி, ஆண்டுகள். "ஃபோர்ட் எட்மண்டன்" என்று வெறுமனே எழுதினால் பிழை.

தெற்குக் கிளை வெறிச்சோடியதற்கு மூன்றும் சேர்ந்த காரணம்: பீவர் குறைவு, தோணிக்குப் பட்டை தரும் பிர்ச் மரம் கிடையாது, சண்டை. 1793-ல் மான்செஸ்டர் ஹவுஸ் சூறையாடப்பட்டது, 1794-ல் தெற்குக் கிளையில் ஹட்சன் பேயின் சவுத் பிராஞ்ச் ஹவுஸ் அழிக்கப்பட்டது. இரண்டும் ஆனினின் மக்கள் செய்தது. பிரெஞ்சுக்காரர் அவர்களை க்ரோ வான்ட்ர் என்பார்கள். காரணமில்லாத வெறி என்று பழைய எழுத்துகள் காட்டும். உண்மையில் கிரீ, அசினிபோயின் கையில் துப்பாக்கி இருந்தது, இவர்களிடம் போதிய அளவு இல்லை; எதிரிக்கு ஆயுதம் கொடுக்கும் கிடங்காகத்தான் அந்த வீடுகளைப் பார்த்தார்கள். 1800-ல் பீட்டர் ஃபிட்லர் ரெட் டீர் கூடுதுறையருகே செஸ்டர்ஃபீல்ட் ஹவுஸ் போட்டார், 1802-ல் கைவிட்டார்கள். 1822-ல் திரும்பவும் முயன்று அடுத்த வருடமே விட்டுவிட்டார்கள். அந்த இடத்தால் வந்த பெரிய லாபம் ஒரு வரைபடம்: 1801-ல் பிளாக்ஃபுட் மக்களில் ஒரு பிரிவான சிக்சிகாவின் தலைவர் ஆக்கோமொக்கி, மிசூரி ஆற்றின் மேல்பகுதியையும் மலைத்தொடரையும் ஃபிட்லருக்கு வரைந்து காட்டினார். உங்கள் ஓரக்குறிப்பில் துப்பாக்கிக் கதையைவிட இதற்கு இடம் கொடுக்கலாம்.

உலர்கறி:

தோணித்துறை சொன்னதில் பீவர் தீர்ந்தது, நகர்ந்தார்கள் என்பது ஆற்றின் மேல்பாதிக்குச் சரி. கார்ல்டன், ஃபோர்ட் பிட் மாதிரி நிலையங்களுக்கு அது விளக்கமாகாது. ஃபோர்ட் பிட் 1829–30-ல்தான் வந்தது. பீவருக்காக அந்தக் காலத்தில் அங்கே யாரும் கோட்டை கட்டமாட்டார்கள். உங்கள் மளிகைச் சிட்டைதான் சரியான துப்பு.

நல்ல தோல் வடக்கே, அத்தபாஸ்கா காட்டில். 1778-ல் பீட்டர் பாண்ட் அங்கே போனதிலிருந்து லாபம் முழுக்க அந்தப் பக்கம். ஆனால் கோடைகாலம் குறுகியது. தோணிக்காரன் வேட்டையாட நின்றால் ஆறு உறைவதற்குள் ஊர் போய்ச் சேர முடியாது. ஆக வழியில் சாப்பாடு கட்டுச்சோறாகத் தயாராக இருக்க வேண்டும். அந்தக் கட்டுச்சோறு சமவெளியிலிருந்து வந்த பைசன் எருமைக் கறி. கம்பர்லண்ட் ஹவுஸ் இருக்கும் இடத்தைப் பாருங்கள்: அங்கிருந்து ஸ்டர்ஜன்-வியர் ஆறு வழியாகச் சர்ச்சில் ஆற்றுக்கும் அத்தபாஸ்காவுக்கும் பாதை பிரிகிறது. மேலாற்று நிலையங்கள் அங்கே பெமிக்கனை இறக்கும். வடக்கே போகும் தோணிக்கூட்டம் அதை ஏற்றிக்கொள்ளும். வடக்கு சஸ்காட்செவன் நெடுக இருந்தது கடைத்தெரு என்பதைவிட ஒரு பெரிய சமையற்கட்டு.

பெமிக்கன் செய்முறையில்தான் விஷயமே இருக்கிறது. கொழுப்பில்லாத கறியைத் தகடுபோல மெல்லிய நீளத் துண்டாக அரிந்து, கம்புப் பந்தலில் வெயிலிலும் மெல்லிய தீயிலும் காயவைக்க வேண்டும். ஒடித்தால் ஒடியும் பதம் வரவேண்டும். பிறகு எருமைத்தோலை விரித்து அதன்மேல் கல்லாலோ தடியாலோ பொடியாக அடிப்பது. கொழுப்பைத் தனியே உருக்கி, பொடியோடு ஏறத்தாழ சம எடை சேர்ப்பது. வழக்கமான கணக்கு 50 பவுண்டு கறிப்பொடிக்கு 40 பவுண்டு கொழுப்பு. மயிர் வெளிப்புறமாக வைத்துத் தைத்த பச்சைத்தோல் பையில் சூடாக நிரப்பி, வாயைத் தைத்து, இறுகுவதற்குள் மிதித்துத் தட்டையாக்கிவிடுவார்கள். பை ஒன்று 90 பவுண்டு, சுமார் 41 கிலோ. மெட்டி மக்கள் (ஐரோப்பிய, பழங்குடிக் கலப்பு வழிவந்தவர்கள்) பேச்சில் அந்தப் பைக்கு "தோரோ", அதாவது காளை. நல்ல ரகத்தில் எலும்பு மஜ்ஜைக் கொழுப்பும் சஸ்கடூன் பழமும் சேரும். இந்த வேலை அனைத்தும் கிரீ, அசினிபோயின், மெட்டி பெண்களுடையது. கணக்குப் புத்தகத்தில் அவர்கள் பெயர் அரிதாகத்தான் வரும்.

கெடுவது எங்கே? கறி முழுக்கக் காயாமல் அரைகுறையாக இருந்தால் உள்ளே பூஞ்சை பிடிக்கும். பையைத் திறக்கும்வரை தெரியாது. பை தட்டையாக இல்லாமல் உருண்டையாக இருந்தால் படகில் அடுக்கும்போது உருளும், நடுவில் சூடு தங்கிக் கொழுப்புச் சிக்கடிக்கும். தையலை உருக்கிய கொழுப்பால் மெழுகாவிட்டால் மழைத்தண்ணீர் உள்ளே போய்விடும். இவையெல்லாம் சரியாக இருந்தால் ஒரு பை வருடக்கணக்கில் தாங்கும்.

கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். பச்சைக்கறியென்றால் ஆளுக்கு நாளொன்றுக்கு 8 பவுண்டு என்பது நிலையங்களின் வாடிக்கையான படி. பெமிக்கன் என்றால் 2 பவுண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு பேர் உள்ள தோணிக்கு நாளைக்கு 12 பவுண்டு. ஒரு பை ஒரு வாரத்துக்குச் சற்று மேல் வரும். அதே நாட்களுக்குப் பச்சைக்கறி 360 பவுண்டு வேண்டும், மூன்றாம் நாளே நாறும். 25 அடி வடக்குத் தோணியில் ஏற்றக்கூடியது ஏறத்தாழ ஒன்றரை டன். சாப்பாடு பிடிக்கும் ஒவ்வொரு பவுண்டும் சரக்குக்கு இல்லாத பவுண்டு.

இந்த 90 பவுண்டு தற்செயலும் இல்லை. தோல்கட்டு, சரக்குப்பொதி எல்லாமே அதே எடைதான். அருவி வரும் இடத்தில் கரையேறிச் சுமந்து கடக்கும்போது ஒரு ஆள் இரண்டு பொதி தூக்குவது வழக்கம். பொதி எடை ஒன்றாக இருந்தால்தான் சுமை பங்கிடுவதில் சண்டை வராது.

படகைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், உங்கள் வரைபடத்தில் நிலையங்களுக்கு இடையே உள்ள தூரம் அதைப் பொறுத்தது. ஹட்சன் பேயின் ஸ்காட்லாந்து ஆர்க்னி தீவு ஆட்களுக்கு பட்டைத்தோணி கட்டும் பழக்கம் இல்லை. பலகையில் யார்க் படகு கட்டினார்கள். 40 அடியை ஒட்டிய நீளம், ஆறு எட்டுத் துடுப்புக்காரர், பின்னே சுக்கான்காரர், முன்னே ஒருவர். மூன்று டன்னை நெருங்கிய சரக்கு. பாறையில் உரசினால் பட்டைத்தோணி கிழியும், இது தாங்கும். ஆனால் தோளில் தூக்க முடியாது, கரையில் உருளைக்கட்டை போட்டு இழுக்க வேண்டும். ஓட்டத்தை எதிர்த்து மேலே போகும்போது கரையில் நடந்து கயிறு கட்டி இழுப்பார்கள். மலைப்பனி உருகி ஜூன், ஜூலையில் தண்ணீர் உயர்ந்து, அப்புறம் இறங்கிவிடும். இலையுதிர் காலத்தில் கனமான படகு மணல்திட்டில் தட்டும்.

எருமைத்தோல் ஏன் அதிகம் இல்லை என்று அடுத்து கேட்பீர்கள். கனம்தான் காரணம். அதைப் படகில் ஹட்சன் விரிகுடாவரை கொண்டுபோனால் கூலி கட்டாது. தெற்கே மிசூரியில் அமெரிக்கர்களுக்கு நீராவிக் கப்பல் இருந்தது. 1828-ல் ஃபோர்ட் யூனியன் வந்தபின் பிளாக்ஃபுட் மக்கள் எருமைத்தோலை அங்கே விற்று, ஓநாய், நரி, பீவரை வடக்கே கொண்டுவந்தார்கள். இரண்டு கம்பெனியையும் அவர்கள் நன்றாகவே ஆட்டிவைத்தார்கள்.

பெமிக்கன் எவ்வளவு முக்கியம் என்பதற்குச் செவ்வாற்றுப் பக்கம் ஒரு அத்தாட்சி: அங்கிருந்த அசினிபோயா குடியேற்றத்தின் ஆளுநர் மைல்ஸ் மெக்டானல் 1814 ஜனவரியில் அசினிபோயாவிலிருந்து உணவுப்பொருள் வெளியே போகக்கூடாது என்று தடைபோட்டார். நார்த் வெஸ்ட் கம்பெனியின் மொத்தப் போக்குவரத்துக்கும் அது கழுத்தில் கயிறு. மோதல் முற்றி 1816 ஜூன் 19 அன்று செவன் ஓக்ஸில் ஆளுநர் ராபர்ட் செம்பிளும் அவர் பக்கத்தில் 20 பேரும் செத்தார்கள். 1821-ல் இரண்டு கம்பெனியும் ஒன்றானது. உங்கள் ஜோடிப் புள்ளிகள் ஒற்றையாகும் வருடம் அது.

வெடிமருந்து:

துப்பாக்கி உயரக் கதையைப் போடாதீர்கள். 18-ஆம் நூற்றாண்டு விலைப்பட்டியல்கள் கையில் இருக்கின்றன. நாலு அடிக் குழலுக்கு 12 பீவர், மூன்றரை அடிக்கு 11, மூன்று அடிக்கு 10. பன்னிரண்டு தோலை அடுக்கினால் முழங்கால் உயரம்கூட வராது. குழல் நீளமாக இருந்தது அந்தக் காலத் துப்பாக்கிகளின் வழக்கம்; பின்னாளில் வணிகத் துப்பாக்கியின் குழல் குறுகிக்கொண்டேதான் வந்தது. ஏமாற்று என்றால் நேர் எதிராக அல்லவா நடந்திருக்க வேண்டும்? இந்தத் துப்பாக்கியின் உண்மையான அடையாளங்கள் வேறு: பக்கத்தகட்டில் பாம்பு உருவம், கையுறையோடு சுட வசதியாகப் பெரிய விசைக்காப்பு, 24 கேஜ் வழவழக் குழல்.

ஏமாற்று இல்லவே இல்லை என்றும் சொல்லவில்லை. லண்டன் போட்ட விலைக்கு மேல் நிலையத் தலைவர் வைத்து வாங்கியது "ஓவர்ப்ளஸ்" என்று கணக்கிலேயே வருகிறது. அளவுகோலைச் சுருக்குவது, பிராந்தியில் தண்ணீர் கலப்பது இரண்டும் அதன் வழிகள். போட்டிக் கம்பெனி பக்கத்தில் இருந்த வருடங்களில் இது சுருங்கும்.

கம்பளியின் விளிம்பில் உள்ள கோடுகள் எத்தனை பீவர் என்பதைக் காட்டும் என்பதும் அதேபோலக் கட்டுக்கதை. அது கம்பளியின் அளவு. ஹட்சன் பே 1779–80-ல் தொடங்கிய வழக்கம்.

கணக்கில் "மேட் பீவர்" என்று இருந்தால் பீவர் எண்ணிக்கை என்று கூட்டிவிடாதீர்கள். அது நாணயம் மாதிரி ஒரு அலகு: நன்கு பதப்படுத்திய ஒரு முழு பீவர் தோலின் மதிப்பு. பழைய பட்டியல்களில் மூன்று மார்ட்டன் தோல் ஒரு மேட் பீவர். ஓநாய், நரி, கரடி எல்லாம் அந்த அலகுக்கு மாற்றித்தான் மொத்தம் போடுவார்கள். பீவரிலும் தரம் இரண்டு. மயிர் உள்பக்கமாக ஒன்றிரண்டு குளிர்காலம் உடுத்திய தோலில் நீண்ட முரட்டு மயிர் உதிர்ந்து அடிமென்மயிர் மட்டும் மிஞ்சும். தொப்பிக்காரர்கள் விரும்பியது அதை. உடுத்தாமல் நேரே காயவைத்தது மற்றது. 1830-களுக்குப் பிறகு பட்டுத் தொப்பி வந்து இரண்டின் விலையையும் இறக்கியது.

வரைபடப்பித்தன்:

எல்லோருக்கும் நன்றி. துப்பாக்கிக் குறிப்பை எடுத்துவிட்டேன், ஆக்கோமொக்கி உள்ளே வருகிறார். இரண்டு சந்தேகம். ஆற்றங்கரையில் ஒரு பள்ளம், ஒரு மண்மேடு என்று மட்டும் விவரம் கிடைக்கும் இடங்களை நிலையம் என்று எப்படி உறுதி செய்வது? ஹட்சன் பே நாட்குறிப்புகளில் மக்கள் பெயர்கள் ஒன்றுமே புரியவில்லை, "ஃபால் இந்தியர்" யார்?

மண்மேடு:

கட்டுமானம் தெரிந்தால் மண் படிக்க எளிது. வீடு கட்டும் முறை இப்படி: நிமிர்ந்த கம்பங்களில் நெடுக்காகக் காடி வெட்டி, செதுக்கிய மரத்துண்டுகளின் முனையை நாக்குப்போல இளைத்து ஒன்றன்மேல் ஒன்றாக அந்தக் காடியில் இறக்குவது. இதற்கு நீளமான மரம் தேவையில்லை, இரண்டு கம்பத்துக்கு நடுவே பொருந்தும் துண்டு போதும். சமவெளியில் குட்டை மரமே கிடைத்ததால் இந்த முறை பரவியது. இடுக்கில் புல் கலந்த சேறு, மேலே வெள்ளைக்களிமண் பூச்சு, ஜன்னலுக்குக் கண்ணாடி இல்லாவிட்டால் சீவிய தோல். ஆணி மிகக் குறைவு. இடம் மாறும்போது கம்பத்தையும் கதவையும்கூடக் கழற்றி எடுத்துப் போகலாம். அதனால்தான் தரைக்குமேல் ஒன்றும் மிஞ்சுவதில்லை.

கீழே மிஞ்சுவது மூன்று. கல்லும் களிமண்ணும் சேர்த்துக் கட்டிய புகைபோக்கி சரிந்து மண்மேடாகும். அதன் அடியில் செங்கல்நிறமாகச் சுட்ட மண் இருக்கும். தரைப்பலகைக்குக் கீழே தோண்டிய நிலவறை பள்ளமாக நிற்கும். மதில் கம்பங்களை வரிசையாக நட்ட வாய்க்கால், சுற்றியுள்ள மண்ணைவிடக் கருப்பாக நேர்கோட்டில் தெரியும். மேடும் பள்ளமும் ஜோடியாக, வரிசையாக, நேர்கோட்டு எல்லைக்குள் இருந்தால் நிலையம் என்று நம்பலாம். ஒற்றைப் பள்ளம் என்றால் பிற்காலக் குடியேறியின் நிலவறையாக இருக்க வாய்ப்பு அதிகம். முற்றத்தின் ஒரு மூலையில் தோலைக் கட்டாக அமுக்கும் மர இயந்திரத்தின் கனமான கம்பக்குழி கிடைத்தால் சந்தேகம் தீர்ந்தது.

சிறு பொருள்களில் சான்றாக மதிப்பு அதிகம் உள்ளது சரக்குப்பொதியில் கோர்த்த ஈய முத்திரை. எந்தக் கம்பெனி என்பது சில சமயம் அதிலேயே இருக்கும். கண்ணாடி மணியும் களிமண் புகைக்குழாய்த் துண்டும் எங்கும் கிடைப்பவை. அவற்றை மட்டும் வைத்து ஆண்டு சொல்வது கடினம்.

எச்சரிக்கை ஒன்று: மண்ணில் கிடைப்பதை எடுக்கக்கூடாது. ஆல்பர்ட்டாவிலும் சஸ்காட்செவனிலும் தொல்பொருள் அரசுடைமை. அனுமதியில்லாமல் தோண்டுவது குற்றம்.

இன்னொரு கண்ணி: எட்மண்டனில் மக்கள் பார்க்கப் போகும் ஃபோர்ட் எட்மண்டன் பார்க், 1846 நிலையின் மாதிரிக் கட்டடம். அசல் இருந்த இடத்திலிருந்து மேலாற்றில், எதிர்க்கரையில் இருக்கிறது. புள்ளியை அங்கே வைத்துவிடாதீர்கள். கடைசி அசல் கட்டடங்கள் சட்டமன்ற வளாகத்தருகே 1915-ல் பிரிக்கப்பட்டன. எல்க் பாயின்ட் அருகே பக்கிங்ஹாம், ஜார்ஜ் இரண்டும், ராக்கி மவுண்டன் ஹவுஸின் நான்கு இடங்களும் அசல் மண்ணிலேயே பாதுகாக்கப்படுகின்றன.

ஏட்டுக்கட்டு:

"ஃபால் இந்தியர்" ஆனினின், தோணித்துறை சொன்ன அதே மக்கள். "ஸ்டோன் இந்தியர்" அசினிபோயின். "சதர்ன் இந்தியர்" கிரீ. "ஸ்லேவ் இந்தியர்" என்று சஸ்காட்செவன்காரர்கள் எழுதினால் சிக்சிகா, கைனாய், பிகானியோடு கூட்டாளிகளையும் சேர்த்துப் பொத்தாம்பொதுவாகச் சொல்வது. வடக்கே மெக்கன்சி ஆற்றில் அதே பெயர் முற்றிலும் வேறு மக்களைக் குறிக்கும். எழுதியவர் எந்த நிலையத்தில் இருந்தார் என்று பார்க்காமல் பெயரை மாற்றி எழுதாதீர்கள்.

நாட்குறிப்புகள் வின்னிபெக்கில் மனிடோபா ஆவணக்காப்பகத்தில் உள்ள ஹட்சன் பே கம்பெனி ஆவணங்களில் இருக்கின்றன. 1974-ல் லண்டனிலிருந்து அங்கே வந்தவை. நிலையத்துக்கு ஒரு எண். பக்கிங்ஹாம் பி.24, கார்ல்டன் பி.27, கம்பர்லண்ட் பி.49, எட்மண்டன் பி.60. எண்ணுக்குப் பின்னால் சாய்கோடு போட்டு a என்ற ஆங்கில எழுத்து இருந்தால் நாட்குறிப்பு, d என்றால் கணக்கு. எண் பெயரைத்தான் பின்தொடரும், இடத்தை அல்ல. பி.60-ன் ஒரு தொகுதி ராஸ்டேலில் எழுதப்பட்டதா, ஒயிட் எர்த்திலா என்பதைத் தேதியைப் பார்த்து நீங்களேதான் பிரிக்க வேண்டும்.

ஆண்டிலும் வழுக்கும். கம்பெனியின் கணக்கு வருடம் ஜூன் 1-ல் தொடங்கி மே 31-ல் முடியும். அதற்கு "அவுட்ஃபிட்" என்று பெயர். 1825 அவுட்ஃபிட் என்றால் 1826 வசந்தத்தில் வந்த தோலும் அதில் சேரும். "1795-ல் கட்டப்பட்டது" என்பதும் "1795–96 குளிர்காலத்தில் முதலில் தங்கினார்கள்" என்பதும் இரண்டு புத்தகங்களில் வேறு வேறு ஆண்டாக வருவதற்கு இதுவே காரணம். வரைபடத்தில் குளிர்காலங்களாக எழுதினால், அதாவது 1795/96 என்று, முரண்பாடுகளில் பாதி காணாமல் போகும்.

நார்த் வெஸ்ட் கம்பெனி பக்கம் இப்படித் தொடர்ச்சியான ஏடு கிடையாது. அவர்கள் நிலையங்களின் தேதி பெரும்பாலும் பக்கத்து வீட்டு ஹட்சன் பேக்காரர் எழுதிய புகாரிலிருந்து கிடைப்பதுதான்.

1885 எல்லையைப் பற்றி: கார்ல்டன் அந்த மார்ச் மாதக் கடைசியில், மெட்டி மக்களோடு நடந்த டக் லேக் சண்டைக்குப் பிறகு போலீஸ் காலி செய்யும்போது தற்செயலாகத் தீப்பிடித்து எரிந்தது. ஏப்ரலில் ஃபோர்ட் பிட் கிரீ தலைவர் பெரிய கரடியின் (பிக் பேர்) ஆட்கள் கைக்குப் போனது. இரண்டும் 1876-ல் பழங்குடி மக்களோடு அரசு செய்த ஆறாம் உடன்படிக்கை கையெழுத்தான இடங்கள், அதையும் குறியுங்கள். ஆனால் ராக்கி மவுண்டன் ஹவுஸ் 1875-லேயே மூடிவிட்டது, எட்மண்டன் 1885-க்குப் பிறகும் ஓடியது. ஒரே முடிவு ஆண்டு எல்லாப் புள்ளிக்கும் பொருந்தாது. அதோடு 1870-ல் சாசனத்தால் கம்பெனி வசமிருந்த ரூபர்ட்ஸ் லாண்ட் நிலப்பரப்பைக் கனடாவுக்கு 3,00,000 பவுண்டுக்கு விட்டுக்கொடுத்தபோது நிலையங்களைச் சுற்றியுள்ள நிலத்தைக் கம்பெனி தனக்கே வைத்துக்கொண்டது. பிற்கால நில அளவைப் படங்களில் அந்த ஒதுக்கீட்டின் கோடுகள் தெரியும். கடைசிக் காலத்துப் புள்ளிகளுக்கு இடம் சரிபார்க்க அதைவிட நல்ல வழி இல்லை; 1821-க்கு முந்தைய ஜோடிகளுக்கு அது உதவாது, அங்கே மண்மேடு சொன்னதுதான்.